மங்கலாக்கினால் நிஜமாகிவிடுமா?

கணினியில் செய்த டைனோசர் பொம்மைபோலத் தெரிகிறதா? பின்னணியை மங்கலாக்கு, வாலையும் கொஞ்சம் மங்கலாக்கு, கண்ணில் மட்டும் ஃபோகஸ் வை, நிஜம்போல ஆகிவிடும். முப்பரிமாண மென்பொருள் கற்றுத்தரும் எந்த இடத்துக்குப் போனாலும் இந்த அறிவுரை காதில் விழும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பி, லேப்டாப்பில் பிளெண்டர் மென்பொருள் பழகும் இளைஞர்களும் இதை அப்படியே நம்புகிறார்கள். பள்ளிக் கண்காட்சிக்குப் படம் செய்பவர்கள் நம்புகிறார்கள். இதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் படம் தேர்ந்தெடுப்பவர்களும் மங்கலான பின்னணி உள்ள படத்தைத்தான் 'தத்ரூபம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை நான் மறுக்கிறேன். ரசனை வேறுபாடு என்று சொல்லி விலகிப்போகக்கூடிய விஷயம் இல்லை இது. இந்த வழக்கம் ஒளியியல்படி தவறு. மாபெரும் விலங்கை அது கைக்கடக்கமான பொம்மையாகச் சுருக்கிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்குத் தெரிந்ததை மறைத்துவிட்டு, தெரியாததைக் கண்ணால் கண்டதுபோல் காட்டுகிறது. இந்தக் கடைசிக் குற்றம்தான் என்னை எழுத வைத்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். கணினி வரையும் படம் இயல்பாகவே ஊசித்துளைக் கேமராவில் எடுத்த படம் போன்றது. அருகில் இருக்கும் இலையும் தொலைவில் இருக்கும் மலையும் ஒரே கூர்மையில் விழும். நிஜக் கேமராவுக்கு லென்ஸ் உண்டு, அந்த லென்ஸுக்கு அகலம் உண்டு. அதனால் ஃபோகஸ் வைத்த தூரத்துக்கு முன்னும் பின்னும் ஓர் எல்லைவரைதான் கூர்மை இருக்கும். தமிழில் இதைக் குவிய ஆழம் எனலாம். கேமராக்காரர்கள் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்கிறார்கள். கணினிப் படத்துக்கு இந்த இயல்பைக் கொடுக்க வேண்டும் என்று 1981-லேயே பொட்மெசில், சக்ரவர்த்தி என்ற இரு ஆய்வாளர்கள் லென்ஸையும் அதன் திறப்பான அப்பர்ச்சரையும் கணக்கில் கொண்ட கேமரா மாதிரியை முன்வைத்தார்கள். 1984-இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த குக், போர்ட்டர், கார்ப்பெண்டர் மூவரும் ஒளிக்கதிர்களை லென்ஸின் பரப்பு முழுவதும் சிதறவிட்டு மங்கலைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று எந்த மென்பொருளில் லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்ணை மாற்றினாலும் அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆகவே, மங்கல் சேர்ப்பது கேமராவின் உண்மையைச் சேர்ப்பதே என்கிறார்கள்.

கேமராவின் உண்மை என்றால் அதன் கணக்கையும் ஏற்க வேண்டும் அல்லவா? அந்த முன்னோடிகள் செய்தது லென்ஸின் கணக்கு. குவியத்தூரம், அப்பர்ச்சர், பொருள் இருக்கும் தொலைவு ஆகிய மூன்றையும் கொடுத்தால் மங்கல் எவ்வளவு என்பது தானாக வரும். அது பூஜ்யமாகவும் வரலாம். நம்முடைய மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுவதோ விடையை முதலில் எழுதிவிட்டு அதற்குக் கணக்குத் தேடும் வழி. வேண்டிய மங்கல் கிடைக்கும்வரை எஃப் எண்ணைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். 0.1, 0.05 என்றெல்லாம் இறங்குகிறார்கள். அப்படி ஒரு லென்ஸ் இந்த உலகத்தில் இல்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். தலையிலிருந்து வால்வரை 30 மீட்டர் நீளமுள்ள நீள்கழுத்து டைனோசர் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். 36 மில்லிமீட்டர் அகல சென்சார் உள்ள கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டி அதைப் பக்கவாட்டில் முழுசாகப் பிடிக்க வேண்டுமென்றால் சுமார் 42 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எஃப் 8 அப்பர்ச்சரில், 8 மீட்டர் தொலைவிலிருந்து அடிவானம்வரை எல்லாமே கூர்மையாக இருக்கும். விலை உயர்ந்த லென்ஸ் வாங்கி எஃப் 1.4 வரை திறந்தாலும், சுமார் 25 மீட்டரிலிருந்து 140 மீட்டர்வரை கூர்மை குறையாது. அந்த 115 மீட்டருக்குள் விலங்கு எந்தத் திசையில் திரும்பி நின்றாலும் அதன் வால்நுனிகூட மங்காது. நேருக்கு நேர் நம்மைப் பார்த்து வந்தால்? தலை 10 மீட்டரில், வால் 40 மீட்டரில் என்று கொள்ளுங்கள். அதே 50 மில்லிமீட்டர் லென்ஸில், எஃப் 8-இல் தலைக்கு ஃபோகஸ் வைத்தால் ஐந்து மீட்டருக்குச் சற்று மேலிருந்து வாலையும் தாண்டி வெகுதூரம்வரை தெளிவாகத்தான் விழும்.

இனி 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் டைனோசரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே லென்ஸில் அதை முழுசாகப் பிடிக்க அரை மீட்டருக்கும் குறைவான தொலைவில் கேமராவை வைக்க வேண்டும். எஃப் 2.8-இல் கூர்மையாக இருக்கும் பகுதி சுமார் 13 மில்லிமீட்டர் மட்டுமே. சற்றுச் சாய்வாக நிறுத்தினால் மூக்கு தெளிவாக இருக்கும், தோள் மங்கும், வால் கரைந்துபோகும். 'தத்ரூபம்' என்று கொண்டாடப்படும் கணினிப் படங்களில் நாம் பார்க்கும் மங்கல் துல்லியமாக இதுதான். அதாவது, மேசைமேல் வைத்த பொம்மையைப் படமெடுத்தால் எப்படி இருக்குமோ அந்த ஒளியியலை, ஒரு மலைபோன்ற விலங்கின்மேல் பூசிவிட்டு, நிஜத்தைப் பிடித்துவிட்டதாக மகிழ்கிறோம்.

நம் கண் இதை அறியும். கணக்குத் தெரியாத குழந்தையின் கண்ணும் அறியும். மங்கலின் அளவைக் கொண்டு பொருளின் தூரத்தையும் பருமனையும் நாம் ஊகிக்கிறோம் என்பதை ஹெல்ட், கூப்பர், ஓ'பிரையன், பேங்க்ஸ் என்ற நால்வர் 2010-இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். மேலிருந்து எடுத்த நகரத்தின் படத்தில் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் மங்கலாக்கினால், பேருந்துகளும் கட்டடங்களும் சிறுபிள்ளை விளையாட்டுச் சாமான்களாகத் தோன்றுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கணினி வருவதற்கு முன்பு சினிமாவில் சிறு மாதிரிகளை வைத்துக் கப்பலையும் கோட்டையையும் படமெடுத்த கலைஞர்கள் இதே உண்மையோடு மல்லுக்கட்டியவர்கள். அவர்கள் அப்பர்ச்சரை முடிந்தமட்டும் சுருக்கி, அதற்கு ஈடாக விளக்கொளியைக் கொட்டி, முன்னும் பின்னும் எல்லாம் கூர்மையாக வரும்படி பாடுபட்டார்கள். மங்கல் வந்தால் அது சிறு மாதிரி என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் உயிரைக் கொடுத்து நீக்கிய குறையை, இன்று நாம் விரும்பிப் போய்ச் சேர்த்துக்கொள்கிறோம்.

மனிதக் கண்ணே இப்படித்தானே பார்க்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. அதுவும் சரியில்லை. பார்வைச் சோதனையில் எழுத்துப் பலகையை 6 மீட்டர் தொலைவுக்கு வைப்பதன் காரணம், அதற்கு அப்பால் கண் ஏறக்குறைய முடிவிலியைப் பார்ப்பதுபோலவே தளர்ந்து பார்க்கிறது என்பதுதான். நாற்பது மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கின் தலையையும் வாலையும் மாறிமாறிப் பார்க்க நல்ல கண்ணுக்கு ஃபோகஸ் மாற்றம் எதுவும் தேவைப்படாது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காட்டுயிர்ப் புகைப்படக்காரர்கள் பெரிய டெலி லென்ஸ் வைத்து எடுக்கிறார்கள், அவர்கள் எடுக்கும் யானைப் படத்தில் பின்னணி கரைந்துதானே இருக்கிறது என்பார்கள். உண்மைதான். 400 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 4 வைத்து 40 மீட்டர் தொலைவுக்கு ஃபோகஸ் செய்தால் கூர்மையின் ஆழம் இரண்டரை மீட்டர்கூட வராது. ஆனால் அந்தச் சட்டகத்தின் அகலம் எவ்வளவு? 3.6 மீட்டர். முப்பது மீட்டர் விலங்கில் தலையும் கழுத்தின் ஒரு பகுதியும்தான் அதற்குள் அடங்கும். முழு விலங்கும் அதே லென்ஸில் வேண்டுமென்றால் 333 மீட்டர் பின்வாங்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் கூர்மையின் ஆழம் 170 மீட்டரைத் தாண்டும். லென்ஸை மாற்றலாம், தூரத்தை மாற்றலாம். முழு உருவமும் சட்டகத்துக்குள் வந்தால் மங்கல் விலகிப்போகும் என்பதை மாற்ற முடியாது. முகத்தை மட்டும் நெருக்கிக் காட்டும் படத்தில் பின்னணியை மங்கலாக்குகிறீர்களா, எனக்கு மறுப்பே இல்லை. 2022-இல் வந்த 'ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்' தொடர் காட்டுயிர் ஆவணப்படத்தின் மொழியில் பேசியது; அதில் தலையை நெருக்கிக் காட்டும் இடங்களில் பின்புலம் கரைவது பொருந்தியே வருகிறது. மூக்குநுனி முதல் வால்நுனிவரை காட்டிவிட்டு அதே மங்கலை வைப்பதைத்தான் பொய் என்கிறேன்.

மங்கல் என்பது ஏதோ ஒன்றின் விளைவாக வர வேண்டும். இதை இருங்காட்டுக்கோட்டைக்காரர்களுக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை. 1990 முதல் இங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. பந்தய நாட்களில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ஷட்டர் வேகத்தைக் குறைத்து, காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி எடுக்கும் புகைப்படக்காரர்களின் படங்களைப் பாருங்கள். கார் தெளிவாக இருக்கும், தடத்தோரத் தடுப்பும் மரமும் கிடைக்கோடுகளாக இழுபட்டிருக்கும். அந்த இழுவையின் நீளத்தைப் பார்த்தே கார் போன வேகத்தை மதிப்பிடலாம். அங்கே மங்கல் வேகத்துக்குச் சாட்சி சொல்கிறது. நிற்கும் காரைப் படமெடுத்துவிட்டுப் பின்னணியை இழுத்துவிட்டால் தடத்தோரம் நிற்பவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் சக்கரம் சுழன்றிருக்காது. குவிய மங்கல் இதைப்போலவே தூரத்துக்கும் பருமனுக்கும் சாட்சி சொல்வது. அந்தச் சாட்சியைக் கலைக்கும் உரிமை படம் செய்பவருக்கு இல்லை.

பிறகு எப்படி இந்த நம்பிக்கை இவ்வளவு வேரூன்றியது? அதற்கான விடையின் ஒரு பகுதி நம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் 2006 முதல் நோக்கியாவின் கைப்பேசிகளைச் செய்தது; அந்த ஆலை 2014-இல் மூடப்பட்டது. பின்னர் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2022-இல் ஐபோன் 14 பொருத்தப்பட்டது. கைப்பேசிக் கேமராவின் லென்ஸுக்குக் குவியத்தூரம் சில மில்லிமீட்டர்தான். அதனால் அதன் இயற்கையான படத்தில் ஓரிரு மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய எல்லாமே கூர்மையாக இருக்கும். பெரிய கேமராவின் மங்கலை அதற்குக் கொடுக்க 2016-இல் ஐபோன் 7 பிளஸ் 'போர்ட்ரெய்ட்' முறையைக் கொண்டுவந்தது. தூரத்தை ஊகித்து, ஆளைத் தனியே வெட்டி, மீதியை மென்பொருள் மங்கலாக்குகிறது. அதன்பின் பிறந்தநாள் படம் முதல் கல்யாணப் படம்வரை எல்லாவற்றிலும் கணக்கிட்ட மங்கலையே பார்த்துப் பழகி, மங்கல் இருந்தால் நல்ல கேமரா, நல்ல கேமரா என்றால் நிஜம் என்ற இணைப்பு மனத்தில் விழுந்துவிட்டது. கைப்பேசியை நான் குறை சொல்லவில்லை. ஒரு மனித முகத்தை இரண்டு மீட்டரில் படமெடுக்கும்போது அந்த மங்கல் பெரிய கேமராவில் நியாயமாக வரக்கூடியதே. முகத்துக்குச் செய்த அளவை நாற்பது யானை எடையுள்ள விலங்குக்குப் போடுவதில்தான் பிழை. செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களில் இது இன்னும் முற்றிவிட்டது. லென்ஸும் தூரமும் கேட்காமலேயே அவை மங்கலைப் பூசித் தருகின்றன.

இனி என் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதற்கு அரியலூருக்குப் போக வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு. டைனோசர்களின் இறுதிக் காலத்தில், ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன், ஆறுகள் படியவைத்த மண்ணும் மணலும் அங்கே பாறை அடுக்குகளாக இருக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் அங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளை 1987-இல் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு அறிவித்தார்கள். இடுப்பெலும்பின் பகுதி, தொடையெலும்பின் பகுதி, முன்கால் எலும்பு ஒன்று, வால் முள்ளெலும்பு ஒன்று, சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள கீழ்க்கால் எலும்பு. கிடைத்தவை இவ்வளவே. முதலில் அதை ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். 1990-களில் அது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றப்பட்டது. ஈரத்தில் நொறுங்கும் தன்மை கொண்ட அந்த எலும்புகள் காப்பாற்றப்படாமல் சிதைந்துபோயின என்பது 2017-இல் அச்சில் வெளிப்பட்டது. எலும்புகள் களத்தில் கிடந்தபோது எடுத்த புகைப்படங்கள் 2022-இல்தான் வெளியாயின. அதற்கு அடுத்த ஆண்டு கிரிகோரி பாலும் லராமெண்டியும் அந்த விலங்கு 110 முதல் 130 டன்வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அது சரியென்றால் நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று நம் அரியலூர் மண்ணில் நடந்திருக்கிறது.

இந்த விலங்கின் தலை நமக்குக் கிடைக்கவில்லை. கழுத்து இல்லை. தோலின் பதிவு இல்லை. கண்ணின் நிறம் பற்றிப் பேச்சே இல்லை. கணினிப் படம் ஃபோகஸை எங்கே வைக்கிறது? தலையில், கண்ணில், கண்ணைச் சுற்றிய தோல் சுருக்கத்தில். ஒரு துளி ஆதாரம்கூட இல்லாத இடத்தில் அத்தனை கூர்மையையும் குவிக்கிறது. மங்கலாக விடப்படும் பகுதி எது? பின்னங்கால், வால், நிலம், செடிகள். அதாவது எலும்பு கிடைத்த உறுப்புகளும், பாறை அடுக்குகள் நமக்குச் சொல்லிவைத்திருக்கும் நிலப்பரப்பும். ஊகத்தைத் தெளிவாகவும் ஆதாரத்தை மங்கலாகவும் காட்டும் படத்தை அறிவியல் படம் என்று பிள்ளைகள் முன் வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

புகைப்படம் போன்ற படம் 'நான் பார்த்தேன்' என்கிறது. கைவரைவு ஓவியம் அப்படிச் சொல்வதில்லை. தூரிகைத் தடம் தெரியும் ஓவியத்தைப் பார்க்கும் குழந்தை, யாரோ யோசித்து வரைந்தது இது என்று புரிந்துகொள்ளும். லென்ஸ் மங்கல் உள்ள படத்தைப் பார்த்தால், அங்கே ஒரு கேமரா இருந்தது என்று உள்மனம் எடுத்துக்கொள்ளும். 1988-இல் இன்றைய மென்பொருள் இருந்திருந்தால் ப்ருஹத்காயோசாரஸை மாமிசம் கிழிக்கும் அரக்கனாக, பின்னணி கரைய, அத்தனை தத்ரூபமாகச் செய்திருப்பார்கள். அந்தப் பிம்பத்தைப் பிறகு பிள்ளைகள் மனத்திலிருந்து அழிக்க முடிந்திருக்காது. திராவிடோசாரஸின் கதை இன்னும் கடுமையானது. அரியலூர்ப் பகுதியிலிருந்து 1979-இல் அதே இருவர் முதுகுத்தட்டுகள் கொண்ட ஸ்டெகோசார் வகையாக அதை அறிவித்தார்கள். 1996-இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் அவை கடல்வாழ் ப்ளெசியோசாரின் எலும்புகள் என்று வாதிட்டார்கள். நிலத்தில் நடந்ததா, கடலில் நீந்தியதா என்பதே சர்ச்சையான விலங்குக்குப் புகைப்படத்தின் நிச்சயத்தைக் கொடுப்பது தகுமா?

நம் மக்கள் இப்படி ஏமாறக்கூடியவர்கள் என்பதற்கு அண்மைச் சான்றும் இருக்கிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தூர்வாரும்போது உருண்டையான கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று படங்கள் கைப்பேசிகளில் ஊரெல்லாம் பரவின. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, கடலடியில் உருவான படிவ உருண்டைகள் அவை, முட்டைகள் இல்லை என்றார்கள். படம் போன வேகத்தில் அந்த விளக்கம் போகவில்லை.

பின்னணி அலங்காரம்தானே, அது மங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையின் மண்ணையே பதிலாகச் சொல்வேன். இந்த வட்டாரத்தின் அடியில் நிலவியலாளர்கள் ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகள் என்று பெயரிட்டு அழைக்கும் பாறைகள் இருக்கின்றன. 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1873-இல் வெளியான தன் ஆய்வறிக்கையில் இந்தப் பகுதியின் நிலவியலை விவரித்தார். இங்கிருந்து சேகரித்த தாவரப் புதைபடிவங்களை ஓட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் 1879-இல் வகைப்படுத்தி எழுதினார். டைலோஃபில்லம் என்னும், சைக்கஸ் போன்ற இலைகள் கொண்ட செடி, பெரணிகள், ஊசியிலை மரங்கள். கூடவே கடல் உயிரினங்களின் பதிவுகளும் கிடைத்ததால், கடல் உள்ளே வந்து போன கரையோரத்தின் தாவரங்கள் இவை என்று தெரிகிறது. காலம் கிரெட்டேசியஸ் யுகத்தின் முற்பகுதி, ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன். 1998 முதல் ஹூண்டாய் ஆலையில் கார்கள் வெளிவரும் இந்த ஊரைச் சுற்றி, அந்தக் காலத்தில் டைனோசர் நடந்த உலகத்தின் இலைகள் விழுந்து சேற்றில் படிந்தன. இந்த இடம் நிலவியலில் பேர்பெற்றது எலும்புக்காக இல்லை, இலைக்காக. டைனோசர் காலத்தைப் பற்றி ஸ்ரீபெரும்புதூர் உலகுக்குத் தந்த சாட்சியம் முழுவதும் படத்தின் பின்னணியில் இருக்க வேண்டியது. அதைத்தான் மங்கலாக்கிவிடச் சொல்கிறார்கள்.

மங்கலுக்குப் பின்னால் எந்தத் தப்பும் ஒளிந்துகொள்ளும். தென்னை மரம்போல ஏதோ ஒன்று, வேறு கண்டத்துக் காடு, எந்தக் காலத்தையும் சேராத பச்சை. ஸ்ரீபெரும்புதூர் இலைகளைக் கொண்டுபோய் ப்ருஹத்காயோசாரஸுக்குப் பின்னால் வைப்பதும் தவறு. இரண்டுக்கும் நடுவே ஐந்து கோடி ஆண்டு இருக்கிறது, அதற்குள் பூக்கும் தாவரங்கள் பரவிவிட்டன. திருவக்கரைக் கல்மரங்களை டைனோசரோடு சேர்ப்பது அதைவிடத் தவறு. அவை டைனோசர்கள் அழிந்து பலகோடி ஆண்டுகளுக்குப் பின் வந்தவை. பின்னணி தெளிவாக இருந்தால் இதையெல்லாம் ஒரு தாவரவியல் ஆசிரியர் பார்த்துத் திருத்துவார். மங்கலாக இருந்தால் திருத்த எதுவும் இல்லை.

புல்லின் கதையைக் கேளுங்கள். டைனோசர் படத்தில் புல் வரையக் கூடாது, புல் பிற்காலத்தது என்று நெடுங்காலம் ஓவியர்களுக்குச் சொல்லப்பட்டது. 2005-இல் வந்தனா பிரசாத், கரோலின் ஸ்ட்ரோம்பெர்க், அலிமொகமதியன், அசோக் சாஹ்னி ஆகியோர் மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லான சாணத்தை ஆராய்ந்தார்கள். அதற்குள் புல்லின் நுண்ணிய மணற்சத்துத் துகள்கள் இருந்தன, நெல்லுக்கு உறவான கிளையைச் சேர்ந்தவையும் உட்பட. கிரெட்டேசியஸ் இறுதியில் இந்தியாவில் புல் இருந்தது, அதை நீள்கழுத்து டைனோசர்கள் தின்றன. உலகெங்கும் டைனோசர் படங்களின் பின்னணியை மாற்ற வைத்த கண்டுபிடிப்பு இது, நம் நாட்டு மண்ணில் நம் நாட்டவரும் சேர்ந்த உழைப்பில் வந்தது. காலடியில் இருக்கும் அந்தப் புல்லைக் கூர்மையாகக் காட்டும் இந்தியப் படம் ஒன்று வேண்டும் என்று எவ்வளவு நாளாக ஆசைப்படுகிறேன்! கிடைப்பதெல்லாம் பச்சைக் கறை.

அப்படியென்றால் கணினி டைனோசரை நிஜமாக்குவது எது? 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்'கில் கணினியில் செய்த காட்சிகள் மொத்தம் ஆறு நிமிட அளவுதான். முப்பது ஆண்டு கடந்தும் அவை நிற்கின்றன. அந்த அணி எதில் உழைத்தது? பொம்மைகளைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தி விலங்குகளை அசைத்துப் பழகிய ஃபில் டிப்பெட்டின் கலைஞர்களுக்காக, உணர்விகள் பொருத்திய உலோக எலும்புக்கூடு ஒன்றைச் செய்து, அவர்கள் கையசைவைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள். காலை ஊன்றும்போது உடலின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது, அடுத்த அடிக்கு முன் எவ்வளவு தாமதம் என்பதில் உழைத்தார்கள். டைரனோசாரஸ் வேலியைப் பிய்த்துக்கொண்டு வரும் இரவில் மழை அதன் தோலில் ஓடுகிறது. வண்டியின் விளக்கொளி அந்த ஈரத்தில் பட்டுத் தெறிக்கிறது. எடை, ஒளி, ஈரம், நிலத்தோடு பாதம் சேரும் நிழல். நூறு டன் விலங்கு ஆற்றங்கரைச் சேற்றில் நின்றால் பாதம் எவ்வளவு புதையும் என்று யோசித்துச் செய்த ஒரே ஒரு தடம், எத்தனை மங்கலைவிடவும் நம்ப வைக்கும். தூரத்தைக் காட்ட வேண்டுமா, காற்று இருக்கிறது. நம் கடலோர வானிலையில் அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மரம் சற்று வெளிறி, நீலம் பூத்துத் தெரியும், ஆனால் அதன் விளிம்பு கலையாது. பெரிய பொருளுக்கும் பெரிய வெளிக்கும் உரிய அடையாளம் அந்த வெளிறல்தான்.

எல்லா டைனோசரும் பெரிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே கல்லமேட்டிலிருந்து 2013-இல் ட்ரூடான் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய ஊனுண்ணி ஒன்றின் பல் அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்கு நெருங்கிய, உடல் சிறுத்த அந்த வகை விலங்கை முழுசாகக் காட்ட மூன்று நான்கு மீட்டரில் டெலி லென்ஸ் போதும். அங்கே பின்னணி கரைவது இயற்கை. அங்கே மங்கலைத் தாராளமாக வையுங்கள், லென்ஸின் எண்ணைச் சரியாகக் கொடுத்து. பெரியதற்கும் சிறியதற்கும் ஒரே மங்கல் என்பதால்தான், இன்றைய படங்களில் எது கோழியளவு, எது கோபுர அளவு என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

படம் செய்யும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். மென்பொருளில் கேமராவை வைக்கும்போது, தூரத்தை மீட்டரில் நிஜ அளவாக வையுங்கள், கடையில் கிடைக்கும் லென்ஸின் எண்ணைக் கொடுங்கள், வரும் மங்கலை ஏற்றுக்கொள்ளுங்கள். வரவில்லையென்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அரியலூர் வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்க் கல்லைப் பாருங்கள். பாடநூலுக்கும் கண்காட்சிக்கும் படம் கேட்பவர்களே, எந்த உறுப்புக்கு எலும்பு கிடைத்தது, எது ஊகம், பின்னால் நிற்கும் செடி எந்தப் பாறை அடுக்கிலிருந்து தெரியவந்தது என்று படத்தின் கீழே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாத படத்தை வாங்காதீர்கள். அடுத்த டைனோசரைச் செய்யத் தொடங்கும்போது, தலையில் தொடங்காமல் அதன் காலடியில் இருக்கும் புல்லிலிருந்து தொடங்குங்கள்.